பதினெட்டு வயதில் நிறை

கெலிஓயாவில் ஆஸியா உம்மா வீட்டுப் பின்னறைக்கு நான் குடிவந்தது இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு தை மாதக் கடைசியில். அதற்கு முன் பேராதனையிலிருந்து கம்பளை வரைக்கும் பதினொரு வீடு ஏறி இறங்கினேன். கதவைத் திறப்பார்கள், சிரிப்பார்கள், தேநீர்கூடத் தருவார்கள். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று கண்டதும் அறைக்குப் பெயின்ற் அடிக்க இருக்கிறது, மகன் லீவில் வருகிறான் என்று ஏதாவது ஒன்று வந்துவிடும். எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. கலியாணம் கட்டாதவள், பேராதனையில் ஒரு அரசாங்கக் கந்தோரில் கடிதம் தட்டச்சுச் செய்கிறவள், முழங்கால் நோவுக்குத் தைலம் பூசிக்கொண்டு திரிகிறவள். என்னைப் பார்த்தால் குண்டு கட்டிக்கொண்டு வந்தவள் மாதிரியா இருந்தது? போகட்டும், காலம் அப்படி.

ஆஸியா உம்மா அட்டையைக் கையில் வாங்கவே இல்லை. அறுபத்திரண்டு வயது விதவை, வற்றிய உடம்பு, கண் மட்டும் கூர்மை. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"மிஸ் எறச்சி தின்பீங்களா?"

"மீன் மட்டும்தான் உம்மா."

"அப்ப நல்லம். மீன் ஆக்குற அண்டைக்கு நீங்க வேற சமைக்க வாணா. சாமானக் கொண்டு வாங்க."

மறுநாள் என்னோடு பொலிசுக்கு நடந்து வந்து, இவள் எங்கள் வீட்டு ஆள், என்ன கேட்பதென்றாலும் என்னிடம் கேளுங்கள் என்று சிங்களத்தில் சொல்லிப் பதிவில் கையெழுத்து வைத்தார். அதன் பிறகு வீட்டைப் பார்க்கப் பொலிஸ் வந்தபோதெல்லாம் முன் கதிரையில் அவர்தான் உட்கார்ந்து பதில் சொன்னார். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். பிறகு நான் செய்த கேவலத்துக்கு இதுதான் காரணம். நன்றிக்கடன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதிக்கு மேல் பயம்.

அந்த வீட்டின் பிழைப்பு மஸ்கட் என்ற இனிப்பு. கலியாண வீடுகளுக்கும் பெருநாளுக்கும் கிண்டிக் கொடுப்பார்கள். கோதுமை மாவைப் பிசைந்து தண்ணீரில் கரைத்துப் பால் எடுத்து, தெளியவிட்டு, சீனிப்பாகில் ஊற்றி, நெய் விட்டு விட்டுக் கிண்ட வேண்டும். மூன்று மணித்தியாலம். நெய் பிரிந்து தாச்சியின் ஓரத்தில் நிற்கும்வரை துடுப்பை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் அடிப்பிடிக்கும். கிண்டுகிறவள் மூத்த மகள் பாயிஸா. முப்பத்தெட்டு வயது, நல்ல பருமன், சிரித்தால் கன்னம் போய்க் கண்ணை மூடும். மாவனல்லைக் கலவரத்தில் புருசன் ஹாஷிமின் கடை எரிந்த பிறகு இருவரும் தாய் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். ஹாஷிம் தம்புள்ளையிலிருந்து மரக்கறி ஏற்றும் லொறி ஓட்டினான். பிள்ளை இல்லை. இளையவள் ஜெஸீமாவுக்கு இருபத்திரண்டு. தாயைப்போல் ஒல்லி. நெய் வாடை பிடிக்காது, மூக்கைப் பொத்திக்கொண்டு கஜுக்கொட்டை உடைத்துக் கொடுத்துவிட்டுப் பாலர் பாடசாலைக்குப் படிப்பிக்க ஓடிவிடுவாள்.

ஆடி மாதம். மகாவலிப் பக்கத்து மழை ஒரு கிழமையாக விடவில்லை. சனிக்கிழமை பின்னேரம் நான் அடுப்பெரியும் குசினி வாசலில் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். பாயிஸா துடுப்பை நடுத் தாச்சியில் விட்டுவிட்டு நிமிர்ந்தாள். அவள் துடுப்பை விட்டதை நான் அதற்கு முன் கண்டதே இல்லை.

"மிஸ், கை தூக்க ஏலாம ஈக்கிது."

"சுளுக்கோ?"

"இல்ல." உம்மா முன்வாசலில் இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்தாள். "இங்கால நெஞ்சுல ஒரு கட்டி. ரமழான்ல ஈந்து ஈக்கிது. நோவும் இல்ல, அதால உட்டுட்டன். இப்ப கக்கத்துலயும் ஒண்டு."

"ரமழான் போய் ஒன்பது மாசம் ஆச்சடி! உமக்கு விசரோ? ஹாஷிமுக்குத் தெரியுமோ?"

"செல்லல்ல. உம்மாக்கும் செல்லிப் போடாதீங்க."

அடிப்பிடித்த மணம் வந்தது. அவள் திரும்பித் துடுப்பை எடுத்து இடது கையால் கிண்டத் தொடங்கினாள். திங்கட்கிழமை நான் கந்தோருக்கு லீவு போட்டு அவளைக் கண்டிப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

ஆவணி முடிவதற்குள் நெஞ்சின் ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள். ஊருக்கு வயிற்றில் ஒபரேசன் என்று சொல்லப்பட்டது. யார் கேட்டாலும் ஆஸியா உம்மா வயிற்றைத் தொட்டுக் காட்டினார். பித்தப்பையில் கல் என்று பக்கத்து வீட்டுக்கு விளக்கம் வேறு. மகளுக்கு என்னவென்று டொக்டர் சொன்னபோது அவர் அழவுமில்லை, என்ன ஏது என்று கேட்கவுமில்லை. அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

தையல் வெட்டப் போன நாளில் டொக்டர் நோனா, பெண் டொக்டரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள், எங்களை இருத்திப் பேசினார். சிங்களத்தில்தான் பேசினார், அந்த வீட்டில் எல்லாருக்கும் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. நான் விளங்கிக்கொண்டதைச் சொல்கிறேன். நம் உடம்பின் உயிர்க்கலங்கள் ஓயாமல் பிழையாகிப் போய்க்கொண்டே இருக்குமாம். பிழையாய்ப் போனதைத் திருத்த உள்ளேயே ஒரு வேலையாள் உண்டு. சில குடும்பங்களில் அந்த வேலையாள் பிறக்கும்போதே கை முடமாகப் பிறக்கிறான். தாயிடமிருந்தும் வரலாம், தகப்பனிடமிருந்தும் வரலாம். இனி, உடம்பில் கொழுப்புக் கூடினால் பிழையாகிற கலமும் கூடும் என்று சந்தேகப்படுகிறார்கள். திருத்த ஆளில்லாத வீட்டில் வேலையை மேலும் மேலும் குவித்தால் என்ன ஆகும்?

"அப்ப மெலிஞ்சவங்களுக்கு வராதா?" என்று பாயிஸா கேட்டாள்.

வரும் என்றார் டொக்டர். மெலிந்தவருக்கும் வரும், பருத்தவர் எல்லாருக்கும் வருவதுமில்லை. இரண்டும் ஒரே உடம்பில் சேரும்போது என்ன நடக்கிறது என்பதைத்தான் தேடுகிறோம், இன்னும் முடிவாகச் சொல்ல முடியாது என்று சொல்லி ஆங்கிலத்தில் ஒரு படிவத்தைத் தந்தார். குடும்பத்துப் பெண்களையெல்லாம் எழுதி வரவேண்டும். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம். இந்த வருத்தம் வந்தவர்களின் வட்டத்தைக் கறுப்பாக நிரப்ப வேண்டும். ஒவ்வொரு வட்டத்துக்கும் கீழே மூன்று கேள்வி: பதினெட்டு வயதில் நிறை, நாற்பது வயதில் நிறை, இறந்திருந்தால் எதனால்? குடும்பத்தில் இரண்டு பேருக்குமேல் வந்திருந்தால் மற்றப் பெண்களின் இரத்தத்தையும் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பிப் பார்ப்பார்கள். ஒருவருக்கு மட்டும் என்றால் எடுக்க மாட்டார்கள், அவ்வளவு வசதி இல்லை. இதை டொக்டர் இரண்டு தரம் சொன்னார். எனக்கு விளங்காமல் போனது என்று நான் எங்கும் போய்ச் சொல்ல முடியாது.

படிவத்தை நிரப்பும் வேலை என் தலையில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் முன் அறையில் உட்கார்ந்தோம். பாயிஸா கட்டிலில் தலையணை அணைத்துச் சாய்ந்திருந்தாள். ஜெஸீமா கஜு உடைத்தாள். வெளியே மழை.

"முதல்ல உங்கட உம்மா. பேர் என்ன?"

"செய்னம்பு" என்றார் ஆஸியா உம்மா.

"எப்ப செத்தவ?"

"எனக்குப் பன்னெண்டு வயசு ஈக்கக்குள்ள மவுத்தாப் பொய்ட்டா. காய்ச்சல்."

"பதினெட்டு வயதில் நிறை?"

ஜெஸீமா சிரித்துவிட்டாள். "உம்மும்மாவத் தராசுல ஏத்தி நிறுத்தாங்களா மிஸ்?"

"ஏத்தி ஈந்தா தராசு ஒடஞ்சி பொய்க்கும்!" ஆஸியா உம்மாவின் முகத்தில் அவ்வளவு பெருமை. "எங்கட உம்மா மாதிரி ஒரு பொம்புள இந்தக் கெலிஓயாவுல ஈக்கல்ல. மூத்தவ கைரியா ராத்தா அதுக்கு மேல. கதவால வரக்குள்ள பக்கவாட்டுல திரும்பித்தான் வருவா."

"நான் என்னெண்டு எழுதுறது? பக்கவாட்டு எண்டோ?"

"எழுபது போடுங்க. எம்பது போடுங்க. தங்கச்சி ரபீகாக்கும் எம்பது. அவட மாப்புள கண்டியில புடவைக் கட. நல்ல சாப்பாடு, கால் தரையில படாது. நான் ஒருத்திதான் வத்தல். புகையில நிண்டு தாச்சி கிண்டினவளுக்கு எங்கால சத புடிக்கிற?"

"கைரியா என்னத்தால செத்தவ?"

"நெஞ்சு வருத்தம். மாரடப்பு."

"வயசு?"

"முப்பத்துமூண்டு."

"ரபீகா?"

"வாயு."

"வாயுவோ? வயசு?"

"முப்பத்தாறு" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போய் யன்னலைச் சாத்தினார்.

கட்டிலில் பாயிஸா கண்ணயர்ந்துவிட்டாள். அஸர் பாங்கு சொன்னதும் ஜெஸீமா தொழ எழுந்து போனாள். ஆஸியா உம்மா திரும்பி வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"மிஸ், பேனயக் கொஞ்சம் வெய்ங்க. ஒங்களுக்குப் பொய் செல்ல எனக்கு மனசு வரல்ல. மூண்டு பேருக்கும் இதுதான். உம்மாக்கும் ராத்தாக்கும் தங்கச்சிக்கும். மூண்டு பேருக்கும் நெஞ்சுல."

பேனாவைக் கீழே வைத்தேன். "பிறகேன் உம்மா இப்பிடிச் சொன்னனீங்கள்? டொக்டர் சொன்னது கேட்டதுதானே? ஜெஸீமான்ர ரத்தம் பாக்க வேணுமெண்டா இதுகளைச் சொல்லத்தான் வேணும்!"

"மெல்ல, மிஸ். எனக்கும் காது ஈக்கிது." குரலைத் தாழ்த்தினார். "கைரியா ராத்தாட மய்யித்தக் குளிப்பாட்ட வந்த பொம்புள, உள்ள கண்டத வெளிய போய்ச் செல்லிட்டா. அந்தக் கெழமயே எனக்குப் பேசி ஈந்த மாப்புள ஊட்டார் வந்து மோதிரத்தத் திரும்ப வாங்கிட்டுப் பொய்ட்டாங்க. புத்துநோய்க் குடும்பமாம். பொறகு அஞ்சு வருசம் ஒருத்தனும் வரல்ல. கடைசில ரெண்டாந்தாரமா ஒரு மஸ்கட் கிண்டுற கெழவனுக்குக் குடுத்தாங்க. ரபீகா மவுத்தாகக்குள்ள நான் ஒருத்தரயும் உள்ள எடுக்கல்ல. கதவச் சாத்திட்டு நானே தனியக் குளிப்பாட்டின. அந்தக் காலத்து ஆக்களும் மவுத்து, இண்டைக்கி இது தெரிஞ்ச ஆள் நான் மட்டும்தான். இப்ப நீங்க."

"இது ஆஸ்பத்திரிக் கடுதாசி உம்மா. ஒருத்தரும் பாக்க மாட்டினம்."

"ஆஸ்பத்திரியில அட்டண்டன் ஆரு? நம்மட ஆக்கள். கிளார்க் ஆரு? நம்மட ஆக்கள். ஜெஸீமாவ ரத்தம் எடுக்கக் கூட்டிக்கொண்டு போனா அடுத்த வெள்ளிக்கெழமக்குள்ள ஊருக்கே தெரியும். அவ இன்னம் கலியாணம் முடிக்காத புள்ள. கலியாணம் ஒண்டு முடியட்டும், அதுக்குப் பொறகு என்னத்த வேணுமெண்டாலும் எழுதுங்க. எண்ட கையப் புடிச்சிச் செல்லுங்க மிஸ், நீங்களும் எங்கட ஊட்டு ஆள்தானே?"

எங்கள் வீட்டு ஆள். பொலிசில் சொன்ன அதே வார்த்தை. சும்மா சொல்லக் கூடாது, அவர் அதை மிரட்டலாகச் சொல்லவே இல்லை. எனக்குத்தான் அப்படிக் கேட்டது. இந்த வீட்டை விட்டுப் போகச் சொன்னால் பதின்மூன்றாவது வீடு எங்கே என்று மனம் ஓடியது. காய்ச்சல், மாரடைப்பு, வாயு என்று ஆங்கிலத்தில் எழுதினேன். பாயிஸாவின் வட்டத்தை மட்டும் கறுப்பாக நிரப்பினேன். மற்ற மூன்றும் வெள்ளையாகவே இருந்தன. நிறைகளை மட்டும் சரியாகப் போட்டேன்.

கார்த்திகையில் பதில் வந்தது. ஒருவருக்கு மட்டும் என்பதால் இப்போதைக்கு மற்றவர்களின் இரத்தம் தேவையில்லை, தகவலுக்கு நன்றி.

அடுத்த தை மாதம் அக்குறணையிலிருந்து ஜெஸீமாவைப் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை ஹலீம் இரும்புச் சாமான் கடைக்காரன், அமைதியான பையன். அவனுடைய தாய்க்குப் பெண்ணைப் பிடித்திருந்தது, ஒரே ஒரு குறைதான். தோள் எலும்பு தெரிகிறதாம். "புள்ளக்கி ஊட்டுல சாப்பாடு குடுக்குறல்லியா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுப் போனாள். அந்தச் சிரிப்பு ஆஸியா உம்மாவுக்கு முள்ளாகக் குத்திவிட்டது.

அன்று தொடங்கியது ஊட்டித் தீத்துவது. விடிய எழும்பி நாட்டுக்கோழி முட்டை இரண்டு, அதன் மேல் ஒரு கரண்டி நெய். பத்து மணிக்குப் பேரீச்சம்பழம் போட்ட பால். மதியம் இறைச்சியும் நெய்ச்சோறும். மஸ்கட் கிண்டி இறக்கியதும் ஓரத்தில் பிரிந்து நிற்கும் நெய்யைக் கிண்ணத்தில் வழித்துக்கொண்டு வருவார். பாலர் பாடசாலை வேலையை நிறுத்தியாயிற்று, வெயிலில் நடந்தால் மெலிந்துபோவாளாம். ஜெஸீமா முதலில் வாந்தி எடுத்தாள். பிறகு பழகிவிட்டாள். மூன்றாம் மாதம் கன்னம் வைத்தது, ஐந்தாம் மாதம் சட்டைகளைப் பிரித்துத் தைத்தார்கள்.

"மிஸ், இப்ப நான் ராத்தா மாதிரியே ஈக்கிறனா?" என்று ஒருநாள் கண்ணாடிக்கு முன்னால் நின்று கேட்டாள். சந்தோசமாகத்தான் கேட்டாள். நாற்பத்தொரு கிலோவாக இருந்தவள் ஐம்பத்தெட்டுக்கு வந்திருந்தாள்.

இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனிசியில்லை என்று ஒரு வியாழக்கிழமை முடிவெடுத்தேன். சனிக்கிழமை கிளினிக், அன்று டொக்டரைத் தனியாகக் கண்டு எல்லாவற்றையும் சொல்லிவிடுவது. ஆனால் வெள்ளிக்கிழமை கந்தோர் விட்டு வரும்போது பஸ்ஸை மறித்தார்கள். என் கைப்பையில் தம்பியின் விலாசம் இருந்தது. கிளிநொச்சி விலாசம், சண்டை நடந்த பக்கம். வடக்குக்குப் பாதை பூட்டிய பிறகு அவனிடமிருந்து கடிதமே இல்லை, விலாசமாவது இருக்கட்டும் என்று வைத்திருந்தேன். அதைக் கண்டவுடன் என்னைப் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோய்ப் பொலிசில் ஒரு வாங்கில் இருத்திவிட்டார்கள். பக்கத்தில் மடுல்கெல்லத் தோட்டத்துப் பெண் பேச்சியம்மா என்று ஒருத்தி, மகளுக்குக் கஞ்சி கொண்டுபோன தூக்குச்சட்டியோடு உட்கார்ந்திருந்தாள். "நாங்க என்னாங்க செஞ்சோம்?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கென்ன தெரியும்?

பஸ்ஸில் இருந்த ஊரார் யாரோ சேதி சொல்லி, பொழுதுபட ஆஸியா உம்மா வந்தார். ஹாஷிமின் லொறியில் ஏறி, மரக்கறிக் கூடைகளுக்கு நடுவே இருந்து வந்தார். பொலிசாரோடு ஒரு மணித்தியாலம் வாதாடினார். என்னை மட்டுமல்ல, பேச்சியம்மாவையும் சேர்த்துத்தான் வெளியே எடுத்தார். வழியெல்லாம் என் கையை விடவில்லை. "பயப்புடாதீங்க மிஸ், நான் ஈக்கும் வரைக்கும் ஒங்கள ஒருத்தனும் தொட ஏலா" என்றார். நான் அழுதேன். அந்தச் சனிக்கிழமை கிளினிக்கில் டொக்டர் ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டபோது இல்லை என்றேன்.

நிக்காஹ்வுக்கு அந்தச் சித்திரையிலேயே நாள் வைத்திருந்தார்கள், பாயிஸாவின் நிலையால் தள்ளிப் போட்டார்கள். வருத்தம் முதுகெலும்புக்கு இறங்கிவிட்டது. புரட்டாதிக்குப் பிறகு கட்டிலை விட்டு இறங்கவில்லை. அந்தப் பருத்த பெண் பாதியாகக் கரைந்துவிட்டாள். இப்போது மஸ்கட் கிண்டியது ஆஸியா உம்மா. அறுபத்துமூன்று வயதில் அந்தத் துடுப்பைப் பிடித்துக் கிண்டிக்கொண்டே, இடையிடையே ஓடி வந்து மகளைப் புரட்டிப் படுக்க வைப்பார்.

ஒருநாள் பாயிஸா என்னைக் கிட்ட வரச் சொன்னாள்.

"மிஸ், இந்த அறையில ஒரு வாட ஈக்கிது, என்ன?"

"மருந்து வாடை."

"இல்ல. இது எனக்குத் தெரிஞ்ச வாட. நான் சின்னதுல ரபீகா சாச்சிட ஊட்டுக்குப் போகக்குள்ள, அவட அறையிலயும் இதே வாட ஈந்த. அத்தர் தெளிச்சி மறச்சி வெச்சீந்தாங்க." மூச்சு வாங்கினாள். "சாச்சிக்கும் இதா மிஸ்? உம்மாக்கிட்டக் கேட்டன், வாயுவாம். நீங்கதானே அந்த ஆஸ்பத்திரி ஃபாரம் எழுதினீங்க?"

வாசலில் தாயின் நிழல் தெரிந்தது. "அதை உம்மாட்டையே கேளும்" என்றேன்.

"அப்ப சரி" என்றாள் பாயிஸா. "தங்கச்சியப் பாத்துக்கொள்ளுங்க."

கார்த்திகை மாதம் அவள் போனாள். கதவைச் சாத்திக்கொண்டு தாயே தனியாக மகளைக் குளிப்பாட்டினார். உதவிக்கு வந்த பெண்களை உள்ளே விடவில்லை. ஜெஸீமா கதவில் தலையை முட்டி முட்டி அழுதாள், அவளுக்கும் திறக்கவில்லை. எண்ட புள்ளய நானே பாக்குறன் என்ற குரல் மட்டும் உள்ளிருந்து வந்தது. ஊர் கடைசி வரைக்கும் பித்தப்பைக் கல்லையே நம்பியது.

பங்குனியில் ஜெஸீமாவுக்கு நிக்காஹ் நடந்தது. அறுபத்துநாலு கிலோ, முகமெல்லாம் பூரிப்பு. அக்குறணை மாமி தோளைத் தடவிப் பார்த்து, இப்பத்தான் பொண்ணு என்றாள். பந்தி முடிந்து எல்லாரும் போன பிறகு நான் ஆஸியா உம்மாவிடம் போனேன்.

"கலியாணம் முடிஞ்சுது உம்மா. இனியெண்டாலும் எழுதுவமோ?"

"நாப்பது நாளாவது போகட்டும் மிஸ். புது மாப்புள."

நாற்பது நாளில் ஜெஸீமா கர்ப்பம். கர்ப்பிணிக்கு மனக்குழப்பம் கூடாது என்றார். பிள்ளை பிறக்கட்டும் என்றார். நானும் தலையாட்டினேன். வெளியே சண்டை உச்சத்தில் இருந்தது, தம்பியைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. என் கவலை எனக்கு என்று இருந்துவிட்டேன். இப்படித்தான் ஒவ்வொரு தரமும் எனக்கு ஒரு சாட்டு அகப்பட்டது.

அடுத்த தை மாதம் பெண் பிள்ளை பிறந்தது. பிள்ளைப்பேற்றுக்குத் தாய் வீட்டுக்கு வந்த ஜெஸீமா, நாற்பதாம் நாளுக்கு முன்னரே இடது மார்பில் கல் மாதிரி இருக்கிறது என்றாள். பால்கட்டி என்றார் ஆஸியா உம்மா. தவிட்டை வறுத்து ஒத்தடம் கொடுத்தார். சீப்பால் வாரிவிட்டார். பால் ஊற வேண்டுமென்று இன்னும் நெய் கொடுத்தார். தெரிந்துகொண்டே தெரியாதவர்போல இருந்தார். "உம்மா, எனக்குப் பயமா இருக்கு, வாங்கோ காட்டுவம்" என்று நான் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். அல்லாஹ் ஒரு வீட்டில் இரண்டு தரம் அடிக்க மாட்டான் என்றார். மூன்று மாதம் போயிற்று. சித்திரையில் தோல் சுருங்கத் தொடங்கியதைக் கண்டு ஹலீம்தான் யாரையும் கேட்காமல் மனைவியைக் கூட்டிப் போனான்.

வைகாசியில் முடிவு சொல்லக் கூப்பிட்டார்கள். சண்டை முடிந்த கிழமை. வெற்றியென்று கண்டியில் சந்திக்குச் சந்தி கொடியும் பாற்சோறும். பஸ்ஸை நிறுத்தி எனக்கும் ஒரு துண்டு தந்தார்கள். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரி வரைக்கும் போனேன். தின்னவும் முடியவில்லை, எறியவும் பயம்.

அதே டொக்டர் நோனா. காகிதத்தைப் பார்த்தார், ஜெஸீமாவைப் பார்த்தார். இருபத்தைந்து வயது என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். வந்திருக்கிறது, கக்கத்து நிணக்கணுவுக்கும் போய்விட்டது, பாலை நிறுத்திவிட்டு உடனே மருந்து தொடங்க வேண்டும் என்றார். பிறகு பழைய படிவத்தைக் கோப்பிலிருந்து எடுத்தார். அக்காவைத் தவிர குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லை என்று எழுதியிருக்கிறது, அது சரிதானா என்று கேட்டார்.

"சரிதான் டொக்டர், ராத்தாக்கு மட்டும்தான்" என்றாள் ஜெஸீமா சிங்களத்தில்.

அப்போதுதான் ஆஸியா உம்மா உடைந்தார். கதிரையிலிருந்து எழுந்து, மேசையைப் பிடித்துக்கொண்டு, சிங்களத்தில் ஒவ்வொரு பெயராகச் சொன்னார். என் தாய். என் அக்கா. என் தங்கை. எல்லாருக்கும் இதுதான், நான்தான் மறைத்தேன். டொக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார். கோபிப்பார் என்று நினைத்தேன், கோபிக்கவில்லை. முதலே தெரிந்திருந்தால் இரத்தத்தைப் பார்த்திருப்போம், உடம்பு வைக்க விட்டிருக்க மாட்டோம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்திருப்போம், வராமலே தடுத்திருப்போம் என்று சொல்ல என்னால் முடியாது, ஆனால் இவ்வளவு தூரம் போக விட்டிருக்க மாட்டோம் என்று மெதுவாகச் சொன்னார்.

வெளியே விறாந்தையில் வாங்கில் உட்கார்ந்தோம். ஹலீம் மருந்துத் துண்டோடு போயிருந்தான். பிள்ளை பாலுக்கு அழுதது. ஜெஸீமா பழக்கத்தில் சட்டைக்குக் கை கொண்டுபோய், பிறகு எடுத்துவிட்டாள்.

"மிஸ்" என்றாள். "ஃபாரத்த நீங்கதானே எழுதின?"

"அவங்கள ஏசாத மகள்" என்று ஆஸியா உம்மா குறுக்கே விழுந்தார். "நான்தான் எழுத வாணாமெண்டு செல்லின. பாவம் அவங்க. அவங்களுக்கு ஒண்டும் தெரியா."

அந்த மனிசி அப்போதும் எனக்காகப் பொய் சொன்னார். நான் அதற்குள் ஒளிந்துகொண்டிருக்கலாம். இரண்டரை வருசம் அப்படித்தான் ஒளிந்திருந்தேன்.

"நான் மிஸ்ஸத்தான் கேக்குற" என்றாள் ஜெஸீமா. "ஒங்களுக்குத் தெரியுமா?"

"ஓம்" என்றேன். "எழுதேக்கயே தெரியும். நீர் முட்டை குடிக்கேக்கயும் தெரியும். கலியாணத்திலயும் தெரியும்."

ஜெஸீமா மடியில் கிடந்த பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுத் தட்டினாள். பிள்ளை அழுகையை நிறுத்தாமல் அவள் கழுத்தில் வாயை வைத்துத் தேடியது.

"இவளும் பொம்புளப் புள்ள மிஸ்" என்றாள். "எனக்கு நீங்க ரெண்டு பேரும் செல்லல்ல. இவளுக்குச் செல்ல நான் ஈப்பனா?"